முனியாண்டிக் கல்லுக்கு அப்பால்

கேமரன் மலைக்குப் போவதென்றால் நம் வீடுகளில் பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், இரவில் ஸ்டீம்போட், தேயிலைத் தோட்டத்தின் நடுவே குடும்பப் படம் ஒன்று, திரும்பும்போது காரின் பின்பக்கம் நிறைய முட்டைக்கோசும் பூந்தொட்டியும். பிரிஞ்சாங்கில் இரண்டு இரவு தங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஊருக்குப் பெயர் தந்த மலையின் மேலே போகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு ஜப்பானியத் தீவு. எங்கள் வானொலி நிலையத்தில் பக்கத்து மேசை நண்பர் குடும்பத்தோடு யாகுஷிமாவுக்குப் போய் வந்திருந்தார். 1993-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த தீவு அது. மேலே பாசி போர்த்திய பழங்காடு, கீழே கடலாமை முட்டையிடும் மணல். கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கூடவே செலவுக் கணக்கையும் சொன்னார். அன்று மாலை என் கணவரிடம், "பாசிக் காடு நம்மகிட்டயும் இருக்கே, தாப்பா வழியா போனா நாலு மணி நேரம்தான்" என்றேன். பள்ளி விடுமுறைக்கு இடம் முடிவாகிவிட்டது.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், கிள்ளானிலிருந்து அத்தை. என் கணவரின் அம்மா. அவரை உடன் அழைத்துப் போனதில் ஒரு விசேஷம் உண்டு. அத்தை பிறந்ததே பிரிஞ்சாங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மலையிறங்கியவர். இப்போது வயது அறுபத்தெட்டு. "உங்க ஊருக்குத்தான் போறோம் அத்தை" என்று நான் தொலைபேசியில் சொன்னபோது அவர் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. "அங்க என்னம்மா இருக்கு? குளிரும் கொழுந்தும்" என்றார்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதன்பின் 59-ஆம் எண் கூட்டரசுச் சாலை. தானா ராத்தா வரை அறுபது கிலோமீட்டர்தான் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், வளைவுகள் உங்களைக் குலுக்கி எடுத்துவிடும். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் சிம்பாங் பூலாய் வழியாக வாருங்கள், அந்தச் சாலை அகலம். எங்கள் வீட்டு வைத்தியம் அசாம் போய். ஆளுக்கு ஒன்று வாயில் அடக்கிக்கொண்டு லாத்தா இஸ்கந்தர் அருவி வரை சமாளித்துவிட்டோம். அங்கே செமாய் மக்களின் கடைகளில் தேனும் பெத்தாயும் விற்பார்கள். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைக் கண்டுபிடித்தார் என்று நம் பாடப்புத்தகம் சொல்லும். செமாய் மக்கள் அவரை எந்தப் பார்வையோடு பார்த்திருப்பார்கள் என்று அந்தக் கடை வாசலில் நிற்கும்போது நினைத்துக்கொண்டேன்.

மேலே ஏற ஏறக் கண்ணில் படுவது பச்சை மட்டுமல்ல. சரிவு சரிவாக வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் பூவுக்குமாகக் காட்டை வழித்து எழுப்பிய கொட்டகைகள். நாம் ஆசையோடு வாங்கிப் போகும் மலிவான காய்கறி அங்கேதான் விளைகிறது, அதனால் நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சரிவுகளின் மண் மழையில் கரைந்து ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையில் போய்ப் படிகிறது. 2013 அக்டோபரில் பெருமழை இரவொன்றில் அந்த அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. செய்தி வாசித்த எங்களுக்கு அந்த வாரம் இன்னும் நினைவிருக்கிறது.

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேல். இரவில் ஜாக்கெட் இல்லாமல் வெளியே நிற்க முடியாது. பாசார் மாலாம், சோளம், ஸ்டீம்போட் எல்லாம் முதல் இரவே முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீங்கள் எல்லாரும் சாப்பிட்டதுதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு லேண்ட் ரோவர் வந்து நின்றது. பாசிக் காட்டுக்குச் சொந்தக் காரில் போகத் திட்டமிடாதீர்கள். சாலை குறுகல், குழிகள் அதிகம், அனுமதி விதிகளும் அவ்வப்போது மாறும். உரிமம் பெற்ற வழிகாட்டியை முன்பதிவு செய்துகொள்வதே நல்லது. எங்களுக்கு வந்தவர் அந்த ஊர்த் தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். அத்தையைப் பார்த்ததும், "பாட்டிமா, முன் சீட்ல உக்காருங்க. பின்னால குலுக்கும்" என்றான்.

வண்டி சுங்கை பாலாஸ் தேயிலை மலைகளுக்கு நடுவே ஏறியது. பனி விலகாத நேரம். கம்பளத்தை மடித்துப் போட்டது போல் மலை முழுக்கத் தேயிலை. பிள்ளைகள் இரண்டும் படம் எடுப்பதில் மும்முரம். அத்தை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "கவாத்து பண்ணி ஆறு மாசம் இருக்கும்" என்றார். வழிகாட்டி ஆச்சரியத்தோடு திரும்பினான். "எப்படிப் பாட்டிமா?" "குச்சியப் பாத்தா தெரியாதா?" அதன்பின் அவன் எங்களுக்கு விளக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டு அவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த மலைகளில் தேயிலை வந்த கதை சுருக்கமானது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் நிலச் சலுகை பெற்று 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். சிலோனில் தேயிலை அனுபவம் பெற்ற மில்னே என்பவர் கூட்டு. 1933-இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த சுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார். காடாக இருந்த சரிவுகளை ஒரேயொரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், கொஞ்சம் தொழிலாளர்களை வைத்துத் தோட்டமாக்கினார்கள் என்று 'போ'வின் வரலாறு சொல்கிறது. உருளை ஒன்று என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் எத்தனை பேர், எந்த ஊர், எந்தக் கங்காணியின் பின்னால் வந்தவர்கள் என்ற கணக்கு நம் வீட்டுப் பாட்டிமார் சொன்னால்தான் உண்டு. அத்தையின் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். கங்காணி முறை 1938-இல் நின்றுபோவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் வந்தவர் என்று குடும்பத்தில் பேச்சு.

தேயிலைச் செடி நூறு வருடத்துக்கு மேலும் வாழும். ஆரம்பக் காலத்தில் நட்டவற்றில் இன்னும் கொழுந்து விடுபவை உண்டு. ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று கொழுந்தெடுப்பார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து. அதனால்தான் அது இடுப்புயரத்திலேயே நிற்கிறது. ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து கொடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தூள் கிடைக்கும். நாம் கலக்கும் ஒரு தே தாரிக்கின் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. இடப்பக்கம் தேயிலை. வலப்பக்கம் காடு. நடுவில் வேலியோ இடைவெளியோ கிடையாது. கடைசித் தேயிலை வரிசைக்கு மேலேயே மரங்கள் தொடங்கிவிடுகின்றன. அத்தை முதன்முறையாகத் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் இருக்கும். கடைசி நெரைக்கு மேல முனியாண்டிக் கல்லு. விறகு பொறுக்க அதுவரைக்கும்தான் போவோம். அதுக்கு மேல பொம்பளைங்க போகக்கூடாது."

"ஏன் பாட்டி?" என்றாள் மகள்.

"புலி இருக்கும்னு சொன்னாங்க. அப்புறம் ஒரு வெள்ளைக்காரர காடு முழுங்கிருச்சுன்னாங்க."

அது வெறும் பயமுறுத்தல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அத்தை சொன்ன வெள்ளைக்காரர் நிஜம். தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு மதியம், தானா ராத்தா அருகே தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. போலீசார், ராணுவத்தினர், பூர்வகுடி மக்கள் என்று பெரிய கூட்டமே தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை, இன்றுவரை. அப்போது அத்தைக்குப் பத்து வயது. லயத்துத் தாய்மார்களுக்குப் பிள்ளைகளைக் கட்டிவைக்க இதைவிட நல்ல கதை வேறு வேண்டுமா?

ஆக, பத்தொன்பது வருடம் அந்தக் காட்டின் நிழலில் வாழ்ந்த பெண் அதற்குள் ஒரு நாளும் போனதில்லை. அவருக்குத் தெரிந்த மலை, கூடை சுமந்து ஏறிய மலை மட்டும்தான்.

பிரிஞ்சாங் மலை உச்சி 2,031 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் தார்ச்சாலை எட்டும் மிக உயரமான இடம் அது. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. என் தொழிலுக்கு அவை வேண்டியவை, ஆனாலும் அழகென்று சொல்ல வாய் வரவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே, மரப்பலகை நடைபாதை வழியாகப் பாசிக் காட்டுக்குள் இறங்கினோம்.

முதலில் உணர்வது கண்ணல்ல, காது. வானொலியில் இருப்பதால் எனக்கு ஒரு பழக்கம், புதிய அறைக்குள் போனால் ஒருமுறை கைதட்டிப் பார்ப்பேன். எதிரொலி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அங்கேயும் தட்டினேன். ஓசை கையைவிட்டு வெளியே போகவே இல்லை. எங்கள் ஸ்டுடியோ சுவரில் பல ஆயிரம் வெள்ளி கொடுத்து ஒட்டியிருக்கும் பஞ்சுப் பலகை செய்கிற வேலையை இங்கே பாசி சும்மா செய்கிறது. மரம், கிளை, வேர், விழுந்த கட்டை எதையும் விடாமல் விரல் தடிமனுக்குப் பாசி. மரங்கள் உயரமில்லை, முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. காற்றும் குளிரும் சத்தில்லாத புளித்த மண்ணும் அவற்றை அதற்கு மேல் வளர விடுவதில்லை. கிளைகளில் தொற்றிக்கொண்டு ஆர்க்கிட். தரையோரம் குடுவைத் தாவரங்கள். பூச்சியை உள்ளே வழுக்கி விழவைத்துச் செரித்துக்கொள்ளும் அந்தக் குடுவைக்கு மலாயில் பெரியுக் கெரா என்று பெயர், குரங்கின் பானை. என் மகன் ஒவ்வொரு பானைக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தான். "ஒண்ணும் பறிக்கக் கூடாது தம்பி, பாசிய மிதிக்கவும் கூடாது" என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தான். மிதிபட்ட பாசி மறுபடி வளரப் பல வருடம் ஆகும்.

மழை இல்லை. ஆனாலும் எங்கும் சொட்டிக்கொண்டிருந்தது. மேகம் இந்த மரங்களுக்குள் புகுந்து போகும்போது இலையும் பாசியும் அதன் ஈரத்தைச் சீவி எடுத்துக்கொள்கின்றன. எடுத்ததை உடனே விடுவதில்லை, மெல்ல மெல்லக் கீழே இறக்குகின்றன. மழை பெய்யாத நாட்களிலும் ஓடைகள் வற்றாமலிருக்க இதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் கூரைமேல் விழும் மழைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"இந்தத் தண்ணி எங்க போகும்?" என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. இந்த மலைகளின் நீர் தெலோம், பெர்த்தாம் ஆறுகளில் இறங்கும். இயற்கை போட்ட வழியில் விட்டால் ஜெலாய் ஆற்றில் சேர்ந்து, பகாங் ஆறாகிப் பெக்கான் அருகே தென்சீனக் கடலை அடையும். ஆனால் 1960-களில் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். தெலோம் நீரைப் பெர்த்தாமுக்கும், அங்கிருந்து பேராக்கின் பத்தாங் பாடாங் ஆற்றுக்கும் திருப்பிவிட்டார்கள். அது போய்ச் சேர்வது மலாக்கா நீரிணை. ஒரே பாசியிலிருந்து சொட்டும் நீர் கிழக்குக் கடலுக்கும் போகலாம், மேற்குக் கடலுக்கும் போகலாம். யாகுஷிமா நண்பருக்குக் காட்டிலிருந்து கடற்கரை பக்கத்திலேயே. எங்களுக்கு இரண்டு கடற்கரை, கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்.

அத்தை நடைபாதையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கால் வலிக்கிறதோ என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். கையை நீட்டி ஒரு மரத்தின் பாசியைத் தொட்டார், குழந்தையின் தலையைத் தடவுவது போல. பிறகு, "எங்கம்மா வயித்துல ஈரச் சாக்க கட்டிக்கிட்டு மழையில கொழுந்தெடுக்கும். மேல காடு இவ்வளவு சாந்தமா இருந்திருக்கு. யாருமே சொல்லலியே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, இரண்டு நிமிடம் அந்தச் சொட்டுச் சத்தத்தை மட்டும் பதிந்துகொண்டேன்.

இறங்கும் வழியில் சுங்கை பாலாஸ் தேநீர் மையம். சரிவின்மேல் நீண்டு நிற்கும் அதன் மாடத்திலிருந்து தேயிலை மலைகளைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம், தொழிற்சாலையையும் பார்க்கலாம். வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்தல், சலித்தல் எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியும்படி இருக்கிறது. விடுமுறை நாட்களில் ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், பதினொன்றுக்கு மேல் சாலையில் கார்கள் நகராது.

பிற்பகலில் அத்தையே கேட்டார், "லயம் இருந்த எடத்த பாத்துட்டுப் போவமா?" தோட்டத்துக்குள் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு போனோம். அவர் காட்டிய இடத்தில் லயம் இல்லை. சிமெண்டுத் தளம் மட்டும், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுவர் இருந்த கோடு தெரிகிறது. நான்கு எட்டில் ஒரு வீடு முடிந்துவிட்டது. குழாயடி இருந்த மூலையில் சௌசௌக் கொடி படர்ந்திருந்தது. பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, கோயில் என்று அத்தை வெற்றிடங்களைக் கைகாட்டினார். தொலைவில் சரிவில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். இப்போது விரலால் கிள்ளுவது அரிது, பெட்டி வைத்த கத்தரியால் நறுக்குகிறார்கள். அத்தை அவர்களில் ஒருவரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், அட்டைக்கு என்ன தடவுகிறீர்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டே உப்பு என்றார். "நாங்க சுண்ணாம்பும் புகையிலையும்" என்றார் அத்தை. ஊரில் அம்மா இருக்கிறாரா என்றும் கேட்டார். இருக்கிறார். அதன்பின் இருவரும் சற்று நேரம் நின்றார்கள், பேசவில்லை.

சௌசௌக் கொடிக்குப் பின்னால் ஒரு மரம். ஐந்தாறு மீட்டர் உயரம், வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாய் நிறையப் பூத்திருந்தது. இது என்ன மரம் என்று பிள்ளைகளிடம் கேட்டார். தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "தேயிலை. வெட்டாம விட்டா இம்புட்டு வளரும்." மகள் நம்பவில்லை. இலையைக் கசக்கி அவள் மூக்கில் வைத்த பிறகுதான் நம்பினாள். அடியில் விழுந்து கிடந்த காய்களில் நான்கைந்தைப் பொறுக்கி அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது அந்த விதைகள் கிள்ளான் வீட்டின் பின்கட்டில், மைலோ டின்களில் இருக்கின்றன. "இந்த வெயில்ல வருமா அத்தை?" என்று கேட்டேன். பந்திங் பக்கம் புக்கிட் சீடிங்கில் தேயிலை போட்டார்களே, அது என்ன மலையா என்று திருப்பிக் கேட்டார். உண்மைதான், அது தாழ்நிலத் தோட்டம். வார இறுதிகளில் தண்ணீர் ஊற்றுவது மகளின் பொறுப்பு. மற்ற நாட்களில் நிழல் பார்த்து டின்னை நகர்த்திவைப்பது பாட்டியின் வேலை.